விசா வந்தாச்சா? முதலில் அதை வாசியுங்கள்!

கரமனைத் தமிழர் வீடுகளில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஏதாவது ஒரு வெளிநாட்டு ஊரில் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. அக்ரஹாரத் தெருக்களில் "பையன் மஸ்கட்டில், மாப்பிள்ளை தோஹாவில்" என்பார்கள். கிள்ளிப்பாலம் தாண்டிச் சாலைக் கடைத்தெருவுக்குள் போனாலும் இதே கதைதான். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது அரபு நாடுகளுக்குப் பிழைக்கப் போகிறார்கள். "நாம் ரெண்டு தரம் ஊர் விட்டவர்கள்" என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் கிழக்கேகோட்டையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் 24 வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தாலும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் விடுவதில்லை. தெருக்காரர்களுக்கு நான் மாமா, நாகர்கோவில்காரர்களுக்கு அண்ணாச்சி, மலையாளிகளுக்கு சாரே. எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "விசா வந்தாச்சு, டிக்கெட் எப்போ போடலாம்?" நான் கேட்பதும் ஒரே கேள்விதான்: "அந்த விசாவில் என்ன எழுதியிருக்கு?" பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியாது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே அச்செடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

விசா என்றால் உள்ளே போவதற்கான அனுமதி என்று மட்டும் நினைக்கிறோம். ஊர் அமைதியாக இருக்கும்வரை அது சரி. ஆனால் போரோ கலவரமோ வந்துவிட்டால், நம்மை வெளியே இழுத்து வருவதற்கான கயிறும் அதுதான். எந்த நாட்டுக்கு, என்ன வேலைக்கு, யாருடைய பொறுப்பில் போனோம் என்று அதில் எழுதியிருப்பதும், நாம் உண்மையில் இருக்கிற இடமும் செய்கிற வேலையும் ஒன்றாக இருந்தால் நம் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் இருக்கும். இல்லாவிட்டால் நம்மைத் தேடுகிறவர்களுக்கு எங்கே தேடுவது என்றே தெரியாது.

குவைத்தில் தொடங்கிய பாடம்

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தபோது நான் கவுண்டரில் இருந்தேன். அன்று மத்தியானத்திலிருந்தே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். டிக்கெட் வாங்க அல்ல, செய்தி கேட்க. குவைத்துக்கு டெலிபோன் போகவில்லை. விமானம் இல்லை. எங்களிடம் சொல்ல எந்தச் செய்தியும் இல்லை. ஆனாலும் டிராவல் ஏஜென்சிக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று வந்து நின்றார்கள்.

அப்போது குவைத்தில் இருந்த இந்தியர்கள் ஏறக்குறைய 1,70,000 பேர். விமான நிலையம் மூடிவிட்டதால் அவர்கள் பஸ்ஸிலும் லாரியிலும் பாஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்குப் போய், பாலைவனத்துக் கூடாரங்களில் காத்திருந்து, அம்மான் நகரிலிருந்து விமானம் ஏறினார்கள். ஏர் இந்தியா 59 நாட்களில் 488 தடவை பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது. கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற சாதனை அது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த விஷயம். சினிமாவாகக்கூட வந்துவிட்டது.

பலருக்குத் தெரியாத பின்பகுதி ஒன்று உண்டு. 1991-இல் ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் ஒரு நஷ்டஈட்டு ஆணையத்தை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பணம். குவைத்திலிருந்தோ ஈராக்கிலிருந்தோ அந்தக் காலகட்டத்தில் வெளியேறியவர்கள் என்று நிரூபித்தாலே தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர். வேறு எந்த வகையிலும் கேட்க மாட்டேன் என்றால் 4,000 டாலரும் 8,000 டாலரும். இந்தியர்களுக்கும் கிடைத்தது. இதற்குக் கேட்ட ஆதாரம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நாட்டில் இருந்ததற்கும், வெளியேறிய தேதிக்கும் ஒரு காகிதம். பழைய பாஸ்போர்ட்டில் விசா முத்திரை, பத்தாக்காவின் நகல், ஜோர்தான் எல்லையில் குத்திய சீல், இப்படி ஏதாவது. அந்தப் பழைய பாஸ்போர்ட்டை "இனி எதற்கு" என்று தூக்கிப் போட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும். அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்து டாலர் வாங்கிய ஒரு பாட்டியையும் தெரியும். ஆணையத்தின் கணக்கு முழுவதும் தீர்ந்தது 2022-இல்தான் என்பதையும் கவனியுங்கள். ஒரு காகிதத்துக்கு எத்தனை வருஷம் வேலை இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஒரே நகரம், இரண்டு கூட்டம்

2014 ஜூன் மாதம் ஈராக்கில் மொசூல் நகரமும் அதைத் தொடர்ந்து திக்ரித்தும் ஐ.எஸ். தீவிரவாதிகளின் கையில் விழுந்தன. திக்ரித் அரசு ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் இருந்தார்கள். 45 பேர் மலையாளிப் பெண்கள், ஒருத்தி நம்ம தூத்துக்குடிப் பெண். பலருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. "வந்துவிடு" என்று வீட்டிலிருந்து அழுதபோதுகூடச் சிலர் தயங்கியதற்கு அதுதான் காரணம்.

ஆனால் அவர்கள் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை பேர் என்பது பாக்தாத்தில் உள்ள நம் தூதரகத்துக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் முதலமைச்சர் அலுவலகத்துக்கும் தெரியும். கையில் செல்போன் இருந்தது. ஜூலை 3-ஆம் தேதி அவர்களை பஸ்ஸில் ஏற்றி மொசூலுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். ஜூலை 5-ஆம் தேதி எர்பில் நகரிலிருந்து தனி விமானத்தில் கொச்சியில் வந்து இறங்கினார்கள். 2017-இல் வந்த 'டேக் ஆஃப்' என்ற மலையாளப் படம் இதை வைத்து எடுத்ததுதான்.

அதே மொசூலில், அதே ஜூன் மாதம், கட்டட வேலைக்குப் போயிருந்த வேறொரு இந்தியக் கூட்டம் கடத்தப்பட்டது. பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். தப்பியது ஒருவர் மட்டுமே. மற்ற 39 பேரின் குடும்பங்கள் ஏறக்குறைய நான்கு வருஷம் காத்திருந்தன. 2018 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் பாராளுமன்றத்தில் அவர்கள் இறந்துவிட்டதை அறிவித்தார். அடுத்த மாதம் 38 பேரின் உடல்களைக் கொண்டுவந்த இணை அமைச்சர் வி.கே. சிங், அவர்களைப் பற்றிய பதிவு எந்தத் தூதரகத்திலும் இல்லை, ஏஜென்ட்கள் மூலம் முறையில்லாமல் போனவர்கள் என்றார்.

பதிவு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. தீவிரவாதி பதிவேடு பார்த்துச் சுடுவதில்லை. ஆனால் ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால்தான் யாரிடம் பேசுவது, எங்கே பஸ் அனுப்புவது என்ற பேச்சே எழும். திக்ரித் விஷயத்தில் பேச ஓர் இடம் இருந்தது.

அஞ்சுதெங்கும் பொழியூரும்

இதெல்லாம் பழைய கதை, தூரத்துக் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பக்கத்துக் கதை. 2024-இல் நம் ஜில்லாவின் கடலோரம், வடக்கே அஞ்சுதெங்கிலிருந்தும் தெற்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பொழியூரிலிருந்தும் போன வாலிபர்கள் ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்டு உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தி வந்தது. செக்யூரிட்டி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித் தலைக்கு லட்சக்கணக்கில் வாங்கியிருந்தார்கள். அங்கே போய் இறங்கியதும் ரஷ்ய மொழியில் ஓர் ஒப்பந்தம். படிக்கத் தெரியாத பாஷையில் கையெழுத்து. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து சோதனை போட்ட ஊர்களில் திருவனந்தபுரமும் உண்டு, மதுரையும் சென்னையும் உண்டு. ஏப்ரலில் காயங்களோடு இரண்டு பேர் வீடு திரும்பினார்கள். எல்லோரும் அப்படித் திரும்பவில்லை. திருச்சூர் பக்கத்துப் பையன் உள்பட இந்தியர்கள் சிலர் அந்தப் போரில் இறந்துபோனார்கள்.

தமிழ்நாட்டுப் பையன்களுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று பாங்காக்குக்கு அழைத்துப் போய், அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய், இன்டர்நெட்டில் ஆட்களை ஏமாற்றும் வேலையில் அடைத்து வைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பி வந்தார்கள்.

ரஷ்யாவானாலும் மியான்மரானாலும் அடிப்படை ஒன்றுதான். விசாவில் சுற்றுலா, மனதில் வேலை. விசாவில் ஒரு நாடு, போய்ச் சேர்ந்தது இன்னொரு நாடு.

கிள்ளிப்பாலத்து நர்ஸ்

சில வருஷங்களுக்கு முன் கிள்ளிப்பாலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு நாகர்கோவில் குடும்பத்து அம்மா வந்தார். மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து இங்கே தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சொற்பச் சம்பளத்தில் இருந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு லிபியாவுல ஆஸ்பத்திரி வேலை கெடைச்சிருக்கு. விசாவும் வந்துட்டு. நாலு லட்சம் கேக்கான். ரெண்டு லட்சம் குடுத்தாச்சு. பாக்கிக்கு நகையை வைக்கணும். நீங்க டிக்கெட்டை மட்டும் குறைஞ்ச விலைக்குப் பார்த்துச் சொல்லுங்க."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வேலை உத்தரவு என்று ஒரு தாள், அதில் லிபியா. விசா என்று ஒரு தாள், அதில் துபாய். அறுபது நாள் சுற்றுலா விசா.

"இது துபாய்க்குல்லாம்மா இருக்கு?"

"ஆமா, அங்க போய்த்தான் லிபியா விசா அடிப்பாங்களாம். இங்கேருந்து நேரே போனா எமிக்ரேஷன்ல நிறுத்திருவாங்கன்னு சொன்னாரு."

ஏஜென்ட்டே உண்மையைச் சொல்லிவிட்டார் பாருங்கள்! இங்கே நிறுத்திவிடுவார்கள் என்பதற்காகத்தான் சுற்றுவழி. ஏன் நிறுத்துவார்கள் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை.

"ஏஜென்ட்டோட ஆர்.ஏ. நம்பர் என்னன்னு கேட்டுட்டு வாங்கம்மா. அப்புறம் டிக்கெட் பார்க்கலாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்காரர் வந்தார். நம்பர் கேட்டதிலிருந்து ஏஜென்ட் போன் எடுக்கவில்லை. கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் வரவில்லை. அந்த அம்மாவுக்கு என்மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. "வந்த வேலையைக் கெடுத்துட்டீங்க" என்று கோவில் வாசலில் வைத்தே சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டினது அவர், நானில்லை. பதினான்கு மாதம் கழித்து அந்தப் பெண் நோர்க்கா மூலமாகச் சவூதி சுகாதார அமைச்சகத்தின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இப்போது அந்த அம்மா என்னோடு பேசுகிறார்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

1983-ஆம் ஆண்டு எமிக்ரேஷன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, ஈராக், லிபியா, ஏமன், சூடான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நர்ஸ்கள் எவ்வளவு படித்திருந்தாலும், பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும், இந்த நாடுகளுக்கு 2015 முதல் கிளியரன்ஸ் கட்டாயம். திக்ரித் சம்பவத்துக்கு மறுவருஷம் வந்த விதி. கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகிய அரசு அமைப்புகள் வழியாகத்தான் ஆள் எடுக்கலாம் என்று முதலில் வைத்தார்கள். பிறகு வேறு சில அமைப்புகளும் சேர்க்கப்பட்டன.

இந்தக் கிளியரன்ஸைத் தொல்லை என்று நினைக்கிறோம். ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும் என்பது உண்மை, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் வெளிநாட்டுக் கம்பெனி எது, சம்பளம் எவ்வளவு என்ற விவரங்கள் 'இ-மைக்ரேட்' என்ற அரசுக் கணினிப் பதிவில் ஏறுகின்றன. 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற இன்ஷூரன்ஸும் சேர்கிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்து மரணத்துக்கோ நிரந்தர ஊனத்துக்கோ 10 லட்சம். சுற்றுலா விசாவில் போகிறவருக்கு இந்தப் பதிவும் இல்லை, இந்த இன்ஷூரன்ஸும் இல்லை.

ஏஜென்ட் என்றால் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்து லைசென்ஸ் எடுத்தவராக இருக்க வேண்டும். அந்த எண்தான் ஆர்.ஏ. நம்பர். இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்கத் தெரியாதவர்கள் பேரனிடம் கொடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். மூன்று லட்சம், நாலு லட்சம் என்று யார் கேட்டாலும் அங்கேயே நின்று யோசியுங்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர் எல்லாம் யோக்கியர் என்றும் இல்லை. 2015-இல் குவைத் நர்ஸ் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாகக் கொச்சியில் சி.பி.ஐ. வழக்கே போட்டது.

இன்னொன்று. சில சமயம் அந்த நாடு விசா கொடுத்தாலும் நம் அரசாங்கம் போகக் கூடாது என்று தடை போடும். 2004-இல் குவைத் கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டிய இந்தியர்கள் மூவர் ஈராக்குக்குள் சரக்கு கொண்டுபோனபோது கடத்தப்பட்டார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி விடுவிக்கப்பட்டார்கள். அந்தச் சமயத்தில் ஈராக் போக இந்தியர்களுக்குத் தடை வந்தது, 2010 வரை நீடித்தது. ஏமனுக்கு 2017-இல் தடை வந்தது. இத்தகைய தடையை மீறிப் போனால் பாஸ்போர்ட்டே பறிபோகலாம். டிக்கெட் போடுவதற்கு முன் வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கைகளை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பாஸ்போர்ட் யார் கையில்?

நம் பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. கபீலுடைய சொத்து அல்ல. வளைகுடா நாடுகள் பலவற்றிலும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். நடைமுறை வேறு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2014-இல் ஈராக்கின் நஜஃப் நகரில் நூற்றுக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப விரும்பியும் முடியாமல் நின்றார்கள். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்ததுதான் காரணம்.

கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசாப் பக்கம் மூன்றையும் நகலெடுத்து ஒரு செட் பெட்டியில், ஒரு செட் கரமனை வீட்டில், ஒன்று செல்போனில் வையுங்கள். வேலை ஒப்பந்தமும் இகாமாவும் அதோடு சேரட்டும். வீட்டிலுள்ள செட் முக்கியம். நோர்க்காவிலோ கலெக்டர் ஆபீஸிலோ போய் நிற்கப் போவது இங்கே இருக்கும் அப்பா அம்மாதான். "பையன் துபாயில் ஏதோ கம்பெனியில் இருக்கான்" என்று சொன்னால் அங்கே யாரால் என்ன செய்ய முடியும்? பாஸ்போர்ட் அடியோடு தொலைந்தாலும் தூதரகம் எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் தரும். ஊர் திரும்ப மட்டும் உதவும் காகிதம் அது. பழைய பாஸ்போர்ட் எண் கையில் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும்.

வெளியேறுவதற்கும் அனுமதி வேண்டிய நாடுகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். குவைத்தில் 2025 ஜூலை 1 முதல் தனியார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர்கள் நாட்டை விட்டுக் கிளம்ப முதலாளியின் எக்சிட் பெர்மிட் வேண்டும் என்று விதி வந்தது.

முதலில் மூடுவது விமான நிலையம்

1990 குவைத், 2015 ஏமன், 2022 உக்ரைன், 2023 சூடான். நாலு இடத்திலும் முதலில் போனது விமான நிலையம். ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருக்கிறது என்ற தைரியம் அன்று உதவாது. ஏமனில் நம் கடற்படைக் கப்பல்கள் ஏடன் துறைமுகத்திலிருந்து ஜிபூட்டிக்கு ஆட்களை ஏற்றிப் போயின. சனா விமான நிலையத்தில் தினமும் சில மணி நேர அனுமதி வாங்கித்தான் ஏர் இந்தியா இறங்கியது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக் கப்பல்கள் இரண்டும் புறப்பட்டுப் போயின. 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள். அதில் நர்ஸ்கள் ஏராளம். சூடானில் கார்ட்டூமிலிருந்து நாள் முழுவதும் பஸ்ஸில் போர்ட் சூடான், அங்கிருந்து ஜெத்தா. ஆகவே போகிற ஊர் எல்லை எது, துறைமுகம் எது, பக்கத்து நாடு எது என்று போகும்போதே வரைபடத்தில் பார்த்து வையுங்கள்.

உக்ரைன் விஷயத்தில் ஒரு தேதிக் கணக்கு சொல்கிறேன். கீவ் நகரிலுள்ள நம் தூதரகம், அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்று 2022 பிப்ரவரி 15-ஆம் தேதி சொன்னது. 20-ஆம் தேதி மறுபடியும் சொன்னது. 24-ஆம் தேதி குண்டு விழுந்தது. அன்று கீவுக்குப் போன ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பியது. இடையில் இருந்தது ஒன்பது நாள். காலேஜில் ஆன்லைன் வகுப்பு கிடையாது, அட்டெண்டன்ஸ் போய்விடும், டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று பிள்ளைகள் தங்கிவிட்டார்கள். அந்தக் காரணங்கள் பொய்யல்ல. பெற்றோரும்தான் "ஃபீஸ் கட்டியாச்சே, இருந்து பார்" என்றார்கள். பிறகு அதே பிள்ளைகள் குளிரில் ரயிலிலும் நடந்தும் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளுக்குப் போனார்கள். 90 விமானங்களில் 22,500 பேர் வந்து சேர்ந்தார்கள். கார்கிவில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற ஒரு கர்நாடகப் பையன் உயிரோடு வரவில்லை. "தற்காலிகமாக" என்ற சொல்லைத் தூதரகம் பயன்படுத்தினால் அதை மரியாதை வார்த்தை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆபத்து அவ்வளவு தெரியாமல் தூதரகம் அப்படி எழுதாது.

கையில் கொஞ்சம் டாலர் இருக்கட்டும், சின்ன நோட்டுகளாக. குவைத்திலிருந்து வந்தவர்கள் தினாரை வைத்துக்கொண்டு அவதிப்பட்டார்கள். அந்தப் பணத்துக்கு வெளியே மதிப்பில்லாமல் போயிருந்தது. போர் நடக்கும் இடத்தில் ஏ.டி.எம். வேலை செய்யாது. சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பெரும்பாலும் போரும் உள்நாட்டுக் கலவரமும் விலக்கப்பட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பஸ்ஸில் போகும்போது சோதனைச் சாவடியைப் படம் எடுப்பது, அந்த ஊர் அரசியலைப் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதுவது, இரண்டும் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது பழக்கம் கொஞ்சம் அதிகம்.

போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இணையத்திலேயே செய்யலாம். குறை இருந்தால் 2015 முதல் 'மதத்' என்ற தளம் இருக்கிறது. வீட்டிலிருந்து பெற்றோரும் அதில் புகார் தரலாம்.

தைக்காட்டுக்கு ஒரு நடை

கரமனைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், நோர்க்கா அலுவலகம் பக்கத்திலேயே தைக்காட்டில் இருக்கிறது. சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், பிரவாசி அடையாள அட்டை, ஏஜென்ட்டைப் பற்றிய விசாரணை எல்லாவற்றுக்கும் அங்கே போகலாம். நம்மில் பலருக்கு வரும் குழப்பம், ரேஷன் கார்டு இங்கே, பாஸ்போர்ட்டில் நாகர்கோவில் விலாசம். தமிழர் என்பதால் நோர்க்காவில் கேட்க மாட்டார்கள் என்று ஒரு பயம் சிலருக்கு உண்டு. அது வீண் பயம். அங்கே மொழி கேட்பதில்லை, விலாசம்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் கேரள விலாசம் இருந்தால் நோர்க்கா. தமிழ்நாட்டு விலாசம் என்றால் சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறையும் நலவாரியமும் உண்டு. ஆகவே பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது எந்த விலாசம் கொடுப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை பேசி முடிவு செய்யுங்கள். ஆபத்து வேளையில் எந்த மாநிலத்துப் பட்டியலில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதைத்தான் அப்போது முடிவு செய்கிறீர்கள்.

காலையில் சீக்கிரம் போங்கள், கூட்டம் இருக்கும். அசல் சர்டிபிகேட்டுகளையும் இரண்டு செட் நகலையும் கொண்டுபோங்கள். பையன் வெளிநாட்டில் இருந்தால் அவன் விசா நகலும் கையில் இருக்கட்டும். அதைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நீங்களும் வாசித்துக்கொள்ளுங்கள்.